ஆடி அமாவாசையைப் பார்க்காத வண்டி

மேடம், நீங்கள் எப்போதாவது பழைய ஹைபிரிட் கார் வாங்குவதாக இருந்தால், முதலில் பானெட்டைத் திறக்காதீர்கள். எல்லாரும் அதைத்தான் திறப்பார்கள். விற்கிறவனும் அதைத்தான் கழுவித் துடைத்து வைத்திருப்பான். பின்கதவைத் திறந்து பின்சீட்டின் ஓரத்தைப் பாருங்கள். உட்காருகிறவரின் இடுப்புக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சல்லடை இருக்கும். ஸ்பீக்கர் என்று நினைப்பார்கள். பின்சீட்டை ஒட்டி இருக்கும் பெரிய பேட்டரி மூச்சு வாங்கும் வழி அது. பேட்டரி சூடாகாமல் இருக்க, உள்ளே ஒரு சின்ன விசிறி அந்தச் சல்லடை வழியாகத்தான் காருக்குள் இருக்கும் குளிர்ந்த காற்றை இழுக்கிறது.

மற்றவை எல்லாம் சமாளிக்கக்கூடியவை. மூன்று நான்கு வருடத்தில் சின்ன பேட்டரி படுத்துவிடும், பதினைந்தாயிரத்துக்குள் முடிந்துவிடும். இன்வெர்ட்டரைக் குளிர வைக்கும் தண்ணீர் பம்பு போனால் இருபதாயிரம். பிரேக்குக்கு அழுத்தம் தரும் மோட்டார் போனால் ஒன்றரை லட்சம். தொகையைக் கேட்டு என் கடை பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கக் கால் மணி நேரம் ஆகும். நம் கடற்கரையில் ஓடிய வண்டி என்றால் அடித்தகடு துரு ஏறி இருக்கும், ஜாக்கி வைக்கும் இடத்தை விரலால் குத்திப் பாருங்கள். ஆனால் பெரிய பேட்டரி போனால் புதிது நாலு லட்சம். கெட்ட செல்களை மட்டும் மாற்றி ஒப்பேற்றினால் ஒன்றேகால். அது தேறுமா தேறாதா என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். ராமநாதபுரம் மாவட்டத்தில் அந்த ஆள் நான்தான்.

ஏன் செய்தாய் என்று நேற்று மூன்று முறை கேட்டீர்கள். வாயால் சொன்னால் நீங்கள் நடுநடுவே மறிக்கிறீர்கள். அதனால்தான் காகிதம் கேட்டேன். கொடுத்ததற்கு நன்றி.

என் பெயர் காளிராஜ், வயது நாற்பத்தெட்டு. ஊர் அபிராமத்துக்குப் பக்கம். அய்யா மிளகாய் போட்டவர். நான் பரமக்குடியில் ஐ.டி.ஐ. முடித்துவிட்டுத் துபாய் போனேன். அங்கே ஒரு டாக்சிக் கம்பெனியின் ஒர்க் ஷாப்பில் பதினோரு வருடம், அதில் ஏழு வருடம் ஹைபிரிட் வண்டிகள் மட்டும். நாட்டுக்குத் திரும்பி ராமநாதபுரம் பைபாஸில் கடை போட்டேன். யாரிடமும் ஒரு ரூபாய் கூடுதலாக வாங்கியதில்லை. போகாத பொருளைப் போனது என்று சொன்னதில்லை. தனுஷ்கோடியில் மணலில் சிக்கி நின்றுபோன வண்டிக்காரன் சென்னையில் இருக்கும் ஷோரூமுக்கு போன் போட்டால், அவர்களே என் நம்பரைக் கொடுப்பார்கள். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. என் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லுக்கு என்ன மதிப்பு இருந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

கிளாட்சன் தங்கச்சிமடத்துப் பையன். பையன் என்றால் முப்பத்தைந்து வயது. மீன்பிடி வல்லத்தில் இருந்த தன் பங்கை விற்று, கொச்சியில் ஒரு டாக்டர் ஓட்டிய வெள்ளை ஹைபிரிட் காரை வாங்கி வந்து ராமேஸ்வரத்தில் வாடகைக்கு ஓட்டினான். சத்தமில்லாமல் ஓடும், பெட்ரோல் குறைவாகக் குடிக்கும், வடநாட்டு யாத்திரைக்காரர்களுக்கு அப்படிப்பட்ட வண்டி பிடிக்கும். அவன் வீட்டில் மனைவி பிரெசில்லாவும் தாய் யாகப்பம்மாளும். மூன்று பேருக்கும் சோறு அந்த வண்டியில்தான் இருந்தது.

ராமேஸ்வரத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். முதலில் கடலில் முங்குவார்கள். பிறகு கோவிலுக்குள் இருபத்திரண்டு கிணற்றுத் தண்ணீரையும் தலையில் ஊற்றிக்கொள்வார்கள். கட்டிய துணியோடுதான். சொட்டச் சொட்ட வந்து வண்டியில் ஏறி, துணி மாற்ற லாட்ஜுக்குப் போவார்கள். சீட்டு பாழாகிவிடும் என்று டிரைவர்கள் பின்சீட்டில் தார்ப்பாயை விரித்து, அதன்மேல் பழைய போர்வையை மடித்துப் போடுவார்கள். வேறு வண்டி என்றால் அது நல்ல வழக்கம். ஹைபிரிட்டில் அந்தத் தார்ப்பாய் சல்லடையை மூடிவிடும். உலகத்தில் வேறு எங்கேயும் இந்தத் தப்பு நடக்காது. துபாயில் யாரும் ஈரச் சேலையோடு டாக்சியில் ஏறுவதில்லை.

தை அமாவாசை முடிந்த வாரம் கிளாட்சன் வந்தான். வண்டியில் மஞ்சள் முக்கோண விளக்கு எரிந்தது. நான் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தேன். செல்களுக்கு இடையில் ஏற்ற இறக்கம் அதிகம், சூடும் அதிகம். பேட்டரி போய்விட்டது என்றேன். எங்கள் கடை வாசலில் டீக்கடை. அங்கே டாக்சி ஸ்டாண்டு பிரபாகரனும் இன்னும் ஆறேழு டிரைவர்களும் நின்றார்கள்.

"எவ்வளவுண்ணே ஆகும்?" என்றான் கிளாட்சன்.

"புதுசு நாலு லச்சம்."

"இப்பத்தாண்ணே வல்லத்த வித்துட்டு இத வாங்கிருக்கேன். வேற வழியே இல்லையா? கொஞ்ச நாளு இப்பிடியே ஓட்டுனா?"

"ஓட்டு. எம்புட்டு நாளைக்கு ஓட்டுவ? இந்த வண்டி ஆடி அமாவாசையப் பாக்காது."

எல்லாரும் கேட்கச் சொன்னேன். தையிலிருந்து ஆடி ஆறு மாதம். அவர்களுக்கு வருடத்தில் பெரிய வரும்படி வரும் நாள் அது, மனதில் பதியட்டும் என்று அப்படிச் சொன்னேன்.

சல்லடையைத் திறந்து பார்த்தாயா என்று கேட்டீர்கள். திறக்கவில்லை. அன்று பரமக்குடியில் ஒரு கல்யாணம், வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். அதைத் திறக்க வேண்டுமென்றால் ஈரச் சீட்டில் மண்டி போட வேண்டும். ஸ்கேனர் காட்டும்போது ஏன் திறக்க வேண்டும்? அனுபவம் என்பது எதற்கு இருக்கிறது?

கிளாட்சன் அழாத குறையாகப் போனான். போனவன் சும்மா இருக்கவில்லை. ஏர்வாடி தர்காவுக்கு ஒரு சவாரி போனபோது அங்கே ஹமீது சுல்தானைப் பார்த்திருக்கிறான். சுல்தான் லாட்ஜுகளில் ஏ.சி.யும் ஃபிரிட்ஜும் பழுது பார்க்கிறவர். கார் அவருக்கு ஏறி உட்காரத்தான் தெரியும். வண்டி ஏன் இப்படிக் கொதிக்கிறது என்று கேட்டு, காற்று எங்கே போகிறது என்று தேடி, அந்தச் சல்லடையைக் கழற்றியிருக்கிறார். உள்ளே போர்வைப் பஞ்சு, மணல், மொட்டை போட்டவர்களின் துண்டிலிருந்து உதிர்ந்த முடி. எல்லாவற்றையும் உருவி எடுத்து, விசிறியைத் துடைத்து மாட்டிவிட்டு அறுநூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். விளக்கு அணைந்துவிட்டது.

அதோடு விட்டிருந்தால் இன்று நான் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். அவன் என்னிடம் திரும்பி வந்தான். சண்டை போட வரவில்லை. சந்தோஷமாக வந்தான். கையில் ஒரு கிலோ அல்வா. நானும் சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருக்கிறான்.

"அண்ணே, பேட்டரி நல்லாத்தாண்ணே இருக்கு. அந்தக் காத்துப் போற ஓட்டைதான் அடைச்சிருக்கு. சுல்தான் பாய் அஞ்சு நிமிசத்துல எடுத்துட்டாரு. நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்கிறாதீங்க. நீங்களும் மனுசந்தானண்ணே, ஒரு நாளைக்கு அப்பிடி இப்பிடித் தப்பத்தான் செய்யும்."

டீக்கடையில் அத்தனை பேரும் இருந்தார்கள். பிரபாகரன் டீயை உறிஞ்சுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தான். அவன் என்னைத் திட்டியிருக்கலாம். ஏமாற்றுக்காரன் என்று கத்தியிருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன், அது அன்றோடு போயிருக்கும். அவன் எனக்கு ஆறுதல் சொன்னான். வல்லத்தில் வலை இழுத்தவன், பதினோரு வருடம் துபாயில் வேலை பார்த்தவனுக்கு ஆறுதல் சொன்னான். ஒரு ஃபிரிட்ஜ் மெக்கானிக் பெயரைச் சொல்லி.

அல்வாவை வாங்கிக்கொண்டேன். நல்லது தம்பி என்றேன்.

ஒரு வாரத்துக்குள் டிரைவர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். நாலு லட்சம். டயரில் காற்றுக் குறைந்தாலும் "நாலு லச்சத்துக்கிட்டக் கேளு, பேட்டரி போச்சுன்னு சொல்லுவாரு" என்று சிரிப்பு. பிரபாகரன் என் காதுபடவே சொன்னான். முன்பெல்லாம் நான் சொன்னதும் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள், இப்போது "நல்லாப் பாத்துட்டீங்களாண்ணே?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நல்லாப் பார்த்தீர்களா. என்னிடம்.

நான் பேட்டரியைப் பற்றிச் சொன்னது தப்பில்லை, மேடம். விசிறியைத் துடைத்ததால் விளக்கு அணைந்தது, அவ்வளவுதான். காய்ச்சல்காரனுக்கு ஈரத்துணி போட்டால் சூடு இறங்கும். நோய் உள்ளே இருக்கும். அந்த வண்டி எப்படியும் ஆடிக்குள் நின்றிருக்கும். நான் அதை நிற்க வைக்கவில்லை. நிற்க வேண்டிய நேரத்தில் நிற்கும்படி பார்த்துக்கொண்டேன்.

மாசியில் நானே அவனுக்கு போன் போட்டேன். என் தப்புக்கு ஈடாக மாதம் ஒரு தடவை வண்டியை இலவசமாகப் பார்த்துத் தருகிறேன் என்றேன். அவன் மூன்று முறை நன்றி சொன்னான். "ஒனக்கு விளக்கு எரிஞ்சாச் சுல்தானத் தேடிப் போகாத. நேரா இங்கன வா. காசு வேண்டாம்" என்றேன். அவனும் ஒவ்வொரு மாதமும் தவறாமல் வந்தான். பெஞ்சில் உட்கார வைத்து என் காசில் டீயும் வடையும் வாங்கிக் கொடுப்பேன். அவன் அதைத் தின்று முடிப்பதற்குள் என் வேலை முடிந்துவிடும்.

வேலை என்னவென்றால், தேவிபட்டினத்தில் பிடித்துவந்த கடல் தண்ணீர் ஒரு டம்ளர், அந்தச் சல்லடை வழியாக. யாத்திரைக்காரர்கள் உடம்பில் சுமந்துகொண்டு வருவது எதுவோ, நானும் அதைத்தான் கொண்டுவந்தேன். அவர்கள் தெரியாமல் சொட்டவிட்டார்கள், நான் தெரிந்து ஊற்றினேன். உப்பு உள்ளே செம்புப் பட்டைகளில் பூக்கும், இணைப்புகளை அரிக்கும், மின்சாரம் போகக்கூடாத வழியில் கசியும். அப்படிக் கசிந்தால் வண்டியே எச்சரிக்கும். அந்த எச்சரிக்கை வந்தபோதெல்லாம் ஸ்கேனரால் அழித்தேன். விளக்கு எரிந்தால் அவன் பயந்து நிறுத்திவிடுவான். யாராவது திறப்பார்கள், துடைப்பார்கள், மறுபடியும் அறுநூறு ரூபாயில் முடியும். மறுபடியும் அல்வா வரும்.

மாசி, பங்குனி, சித்திரை. வண்டி ஓடிக்கொண்டிருந்தது. நல்ல தயாரிப்பு, அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

வைகாசியில் நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம், எனக்குச் சாதகமாக இருக்கும் என்பதற்காகச் சொல்லவில்லை, நடந்தது அது. பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு அந்தப் பையன்மேல் தனிப்பட்ட கோபம் எதுவும் கிடையாது. பெயர் வைத்தவன் பிரபாகரன். அப்போது யாகப்பம்மாள் வண்டியிலிருந்து இறங்கிவந்தார். அன்று மகனோடு வந்திருந்தார். இரண்டு முட்டியும் தேய்ந்துபோய், கதவைப் பிடித்து, இரும்பு மேசையைப் பிடித்து, மெதுவாக வந்து ஒரு பொட்டலத்தை என் கையில் வைத்தார். நெத்திலிக் கருவாடு.

"எம்மவனுக்குக் காசு வாங்காமச் செய்யுறியாமே ராசா. மாதா ஒன்னய நல்லா வைக்கட்டும். அன்னைக்கு என்னமோ மாத்திச் சொல்லிட்டேன்னு வெசனப்பட்டுக்கிட்டே இருக்கியாம்? தப்பு யாருக்குத்தான்யா வராது. அத மறந்துரு."

அந்தம்மா கையெடுத்து என் தோளைத் தட்டினார். தங்கச்சிமடம் வரைக்கும் போயிருக்கிறது, மீன்காரப் பொம்பளை ஒருத்திக்குத் தெரிந்திருக்கிறது, நான் தப்பாகச் சொன்னேன் என்று. அவர் பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்ததும் டம்ளரில் ஊற்றாமல் பாட்டிலையே சாய்த்தேன்.

ஆனியில் டிரைவர்கள் நாள் எண்ணத் தொடங்கினார்கள். "அண்ணே, இன்னும் முப்பது நாள்தான் இருக்கு. ஒங்க வண்டி இன்னும் ஓடுது." கிளாட்சன்கூட சேர்ந்து சிரித்தான். ஆடி அமாவாசைக்கு நாக்பூரிலிருந்து வரும் ஒரு குடும்பத்துக்கு மூன்று நாள் சவாரி பிடித்திருந்தான், முன்பணமும் வாங்கிவிட்டான். அமாவாசை அன்று வண்டிக்கு மாலை போட்டு என் கடை முன்னால் கொண்டுவந்து நிறுத்தப் போகிறார்கள் என்று பிரபாகரன் சொன்னான். வேடிக்கைக்குச் சொன்னதுதான். எனக்கு அது வேடிக்கையாக இல்லை. ஆடி பிறந்ததும் மாதம் ஒரு தடவை போதாது, இரண்டு தடவை வா என்றேன். சீசன் நேரம், பத்திரமாக இருக்கட்டும் என்றேன். வந்தான்.

அமாவாசைக்கு மூன்று நாள் இருக்கும்போது, காலை பதினொரு மணிக்கு போன் வந்தது.

"அண்ணே, முக்கோண விளக்கு வருதுண்ணே. கூடச் செவப்புலயும் ஒண்ணு எரியுது. பின்னாடி வயரு கருகுன வாட அடிக்குதுன்னு அம்மா சொல்லுது. முட்டி டாக்டர்கிட்டக் கூட்டிட்டு வாரேன். இங்கன ஓரமா நிப்பாட்டிட்டு ஆட்டோ பிடிச்சுப் போயிரவா?"

"எங்க இருக்க?"

"உச்சிப்புளி தாண்டிட்டேன்."

"அம்மா எங்க உக்காந்திருக்கு?"

"பின்னாடி. கால நீட்டிப் படுத்திருக்கு."

"இந்தா இருக்க ஊருக்கு எதுக்கு ஆட்டோ? ஒண்ணும் ஆகாது, ஓட்டிட்டு வா. நான் இருக்கேன்ல."

"நீங்க சொன்னாச் சரிண்ணே."

வண்டி நின்றுபோகும், அவ்வளவுதான் என்று நினைத்தேன் என்று முதல்நாள் உங்களிடம் சொன்னேன். அது முழுக்க உண்மை இல்லை. துபாயில் இப்படிக் கடல் தண்ணீர் ஏறிய வண்டி ஒன்று எரிந்ததைப் பார்த்திருக்கிறேன். பேட்டரிக்கு முன்னால் சீட்டுக்கு அடியில்தான் பெட்ரோல் டாங்க். கருகல் வாடை வந்தால் உடனே நிறுத்தி இறங்கி ஓட வேண்டும் என்று அங்கே மலையாளத்திலும் உருதுவிலும் எழுதி ஒட்டி வைத்திருப்பார்கள். எனக்குத் தெரியும். அவன் நிறுத்திவிட்டு ஆட்டோவில் போயிருந்தால் வண்டி சாலையோரம் புகைந்து அடங்கியிருக்கும். வயர் கோளாறு என்று சுல்தான் சொல்லியிருப்பார், அதையும் அவன் நம்பியிருப்பான். போனது பேட்டரிதான் என்று யாருக்கும் சந்தேகம் இல்லாமல் தெரிய வேண்டும். அதனால் ஓட்டிவரச் சொன்னேன். ஏன் அந்தம்மா எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்டாய் என்றீர்கள். கேட்கத் தோன்றியது, கேட்டேன். பதிலைக் கேட்ட பிறகும் ஓட்டிவரத்தான் சொன்னேன்.

நான்கு கிலோமீட்டர் வந்திருக்கிறான். பின்சீட்டுக்குப் பின்னாலிருந்து புகை. இறங்கிவிட்டான். பின்கதவைத் திறந்து அம்மாவை இழுத்திருக்கிறான். முட்டி மடங்காத உடம்பு, சீக்கிரம் வரவில்லை. பக்கத்துக் கொல்லையில் வேலை செய்தவர்கள் ஓடி வருவதற்குள் தீ பிடித்துவிட்டது. அவன் தனியாக ஓடியிருந்தால் பிழைத்திருப்பான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அவன் உள்ளே போனான். இது என் கணக்கில் வராத விஷயம். அவன் முடிவு அது.

அடக்கத்துக்குப் போனேன். தங்கச்சிமடமே கூடியிருந்தது. பிரபாகரன் என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். கூட்டத்தில் ஒதுங்கி வழிவிட்டார்கள். "ஆடி அமாவாசையப் பாக்காதுன்னு அப்பவே சொன்னாருல்ல" என்று யாரோ முணுமுணுத்தார்கள். அதை நான் தெளிவாகக் கேட்டேன். சுல்தான் ஒரு மூலையில் உட்கார்ந்து, "யா அல்லா, எங் கையால தொட்டேனே, எங் கையால தொட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டிருந்தார். அவர் அதன்பிறகு எந்தக் காரையும் தொடுவதில்லையாம். அவருடைய வேலை ஃபிரிட்ஜ், அதைப் பார்க்கட்டும்.

கிளாட்சன் மனைவி பிரெசில்லா வந்து என் காலைப் பிடித்தாள்.

"அண்ணே, நீங்க அன்னைக்கே சொன்னீங்களே. நாங்கதாண்ணே கேக்கல. ஒங்களப் போயி எல்லாரும் சிரிச்சோமேண்ணே. எங்கள மன்னிச்சிருங்க."

"பரவாயில்லம்மா. எந்திரி" என்றேன்.

மேடம், ஆறு மாதத்துக்குப் பிறகு அன்று இரவுதான் எனக்கு ஒழுங்காகத் தூக்கம் வந்தது. மறுநாள் ஆறு வண்டிகள் கடை வாசலில் நின்றன. ஒருவனும் நல்லாப் பார்த்தீர்களா என்று கேட்கவில்லை. வருத்தம் உண்டா என்று நீங்கள் கேட்டதற்கு இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன். அந்தம்மாவுக்காக உண்டு. மற்றதற்கு இல்லை. ஒருவனுடைய சொல்லை நாலு பேர் முன்னால் பொய்யாக்கிவிட்டு, அதற்கு ஆறுதலும் சொல்வதற்கு ஒரு விலை இருக்கிறது. அது யாருக்கும் தெரியாதது என்றால் தெரிந்துகொள்ளட்டும்.

அதுவரை என்மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. உங்களுக்கும் இல்லை, இல்லையா? ஈரத்துணியால் உப்பு ஏறி எரிந்த விபத்து என்று நீங்கள் கோப்பை மூடப்போகிற நேரத்தில் நானாகத்தான் உங்கள் ஸ்டேஷன் படி ஏறினேன். ஏன் என்று உங்கள் கான்ஸ்டபிள்களுக்கு இன்னும் புரியவில்லை. உங்களுக்குப் புரிந்திருக்கும்.

மதுரையிலிருந்து வந்த நிபுணரின் அறிக்கையைப் பத்திரிகைக்காரன் ஒருவன் படித்துவிட்டு ஊரெல்லாம் சொன்னான். இருபத்தெட்டுச் செல்களில் தீயில் கருகாமல் தப்பியவை பதினெட்டு; பதினெட்டும் புதிதுபோல் இருந்தன; கெட்டது செல் இல்லை, உப்பு அரித்த இணைப்புகள்தான் என்று எழுதியிருந்தார். அதாவது சுல்தான் சொன்னதுதான் சரி. தை மாதம் பேட்டரியில் ஒன்றும் இல்லை. இரண்டு பேர் செத்த பிறகும் நான் சொன்னது தப்பு. பிரபாகரன் அதைக் குரூப்பில் போட்டிருந்தான். கூட ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

அதனால் என் ஸ்கேனரை எடுத்துக்கொண்டு வந்தேன். தை மாதம் நான் எடுத்த அளவுகள் அதில் பதிந்திருக்கின்றன, அந்த நிபுணரிடம் காட்டுங்கள், செல் போனதா இல்லையா என்று அவரே சொல்லட்டும் என்று உங்கள் மேசையில் வைத்தேன். நீங்கள் கெட்டிக்காரர். தை மாதத்தைப் பார்த்துவிட்டு மாசியைப் பார்த்தீர்கள், பங்குனியைப் பார்த்தீர்கள். ஒவ்வொரு மாதமும் கசிவு எச்சரிக்கை வந்ததும், அதே நிமிடத்தில் அதை நான் அழித்ததும் வரிசையாக இருந்தது. ஏழு முறை. இதை ஏன் அழித்தீர்கள் என்று மெதுவாகக் கேட்டீர்கள். நான் மறைக்கவில்லை. அந்த நேரத்தில் எனக்கு வேறு ஒன்றுதான் முக்கியமாக இருந்தது.

இன்று காலை உங்கள் ரைட்டர் தட்டச்சு செய்து கொண்டுவந்த மூன்று பக்கங்களையும் படித்தேன். என் பெயரும் அய்யா பெயரும் சரி. கிளாட்சன், யாகப்பம்மாள் இருவரையும் திட்டமிட்டுக் கொலை செய்ததாக எழுதியிருக்கிறது. எனக்கு ஆட்சேபம் இல்லை. போனில் நான் சொன்ன வார்த்தைகளை அப்படியே போட்டிருக்கிறார். அதுவும் சரி. தூக்குத்தண்டனை வரை கிடைக்கலாம் என்று வக்கீல் சொன்னார், கிடைக்கட்டும். மூன்று பக்கத்திலும் எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன்.

ஆனால் இரண்டாம் பக்கம் நடுவில், "நல்ல நிலையில் இருந்த பேட்டரியில் கடல்நீரை ஊற்றினேன்" என்று இருக்கிறது. கடல்நீர் ஊற்றினேன், உண்மை. பேட்டரிக்கு முன்னால் இருக்கும் மூன்று சொற்களை அடித்துவிட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள், மேடம். நான் இதுவரை எந்த வண்டியைப் பற்றியும் பொய்யாக எழுதிக் கையெழுத்துப் போட்டதில்லை.